துடுப்புப் பலகைக்கு ஏற்ற நீர்நிலையைத் தேர்ந்தெடுப்பது எப்படி: தமிழகம், கேரளம், இலங்கைக் கரைகளுக்கான முழுமையான வழிகாட்டி

நின்றுகொண்டே துடுப்புப் போட்டுச் செல்லும் பேடில் போர்டு இன்று சென்னைக்கு அருகே உள்ள கோவளம் முதல் இலங்கையின் அறுகம்பே வரை பல கரைகளில் வாடகைக்குக் கிடைக்கிறது. காற்றடைக்கும் பலகையாக இருந்தால் மடித்து ஒரு பெரிய முதுகுப்பையில் வைத்துக்கொண்டு, நினைத்த ஊருக்குப் பேருந்திலேயே போய்விடலாம். எங்கே போவது என்பதுதான் கேள்வி. அதற்குப் பெரும்பாலோர் புகைப்படங்களைப் பார்த்து விடை தேடுகிறார்கள். கண்ணாடி போன்ற நீரும் அதன்மேல் நிற்கும் மனிதரும் உள்ள அந்தப் படம் பெரும்பாலும் காலை 6 மணிக்கு, ஆண்டின் மிக அமைதியான மாதத்தில் எடுக்கப்பட்டதாக இருக்கும். அதே இடத்துக்கு ஆடி மாதத்தில், மதிய உணவுக்குச் சற்று முன் போய் இறங்குபவர் காண்பது வேறொரு நீர்நிலையை. ஆகவே தேர்ந்தெடுக்க வேண்டியது வெறும் ஊர்ப்பெயரை மட்டுமல்ல. ஊர், மாதம், நேரம் ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான்.

இந்த மூன்றையும் எடைபோட நான் எப்போதும் ஒரே கேள்வியைத்தான் பயன்படுத்துகிறேன். இங்கே துடுப்பு கைநழுவிப் போய், பலகையின் மேல் செய்வதறியாமல் படுத்துக் கிடந்தால், ஒரு மணி நேரத்தில் நான் எங்கே போய்ச் சேர்வேன்? பக்கத்து மணல்மேட்டில் ஒதுங்குவேன் என்பது விடையானால் அது நல்ல இடம். கற்சுவர், படகுத்துறை, முகத்துவாரம், திறந்த கடல் இவற்றில் ஏதேனும் ஒன்று விடையானால், இயற்கைக் காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் அன்றைக்கு அந்த நேரத்தில் அது உங்களுக்கான இடமல்ல. கீழே உள்ள படிகள் அனைத்தும் இந்தக் கேள்விக்கு வீட்டிலிருந்தபடியே பாதி விடையையும் கரையில் நின்று மீதி விடையையும் கண்டுபிடிப்பதற்கானவை.

முதற்படி: உங்கள் வேகத்தைக் கணக்கில் எடுங்கள்

புதிதாகக் கற்றவர் அமைதியான நீரில் மணிக்கு 3 முதல் 4 கிலோமீட்டர் வேகத்தில் செல்வார். பழகியவர் நீண்ட, ஒடுங்கிய பலகையில் 5 அல்லது 6 கிலோமீட்டர் வரை செல்வார். எதிர்த்து வரும் நீரோட்டம் 2 நாட் வேகத்தில் இருந்தால், அதாவது மணிக்கு ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் என்றால், புதியவர் முழு மூச்சுடன் துடுப்புப் போட்டும் நின்ற இடத்திலேயே நிற்பார் என்று பொருள். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வரும் படிகளில் எது ஆபத்து, எது வெறும் அசௌகரியம் என்பது தானே விளங்கும்.

ஆழத்தைப் பற்றியும் ஒரு சொல். பலகையின் அடியில் மீன்துடுப்புப் போல உள்ள தகடான ஃபின் சுமார் 20 முதல் 25 சென்டிமீட்டர் வரை கீழே நீட்டிக்கொண்டிருக்கும். அது தரை தட்டினால் பலகை சட்டென்று நிற்கும், நிற்பவர் முன்னே விழுவார். முழங்கால் அளவு நீரில் விழுவது இடுப்பளவு நீரில் விழுவதைவிட மோசமானது. கற்றுக்கொள்ள ‘ஆழமே இல்லாத’ இடம் தேடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இடுப்பளவிலிருந்து மார்பளவு வரை நீரும், அடியில் மணலும் உள்ள இடமே பயிற்சிக்கு உகந்தது.

இரண்டாம் படி: காற்றைப் படியுங்கள்

தேர்வின் பெரும்பகுதி இங்கேதான் முடிவாகிறது. பலகையில் நிற்கும் மனித உடல் ஒரு பாய்மரம். கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் உட்கார்ந்திருப்பவரைப் பொருட்படுத்தாமல் போகும் காற்று, நிற்பவரை இழுத்துக்கொண்டு போகும். பொதுவாக 7 நாட்டுக்குக் குறைந்த காற்று எல்லோருக்கும் ஏற்றது. 10 நாட் வரை ஓரளவு பழகியவர் சமாளிப்பார். அதற்கு மேல் 15 நாட் வரை, தெரிந்த நீரில், அனுபவமுள்ளவருக்கு மட்டும். 15 நாட்டைத் தாண்டினால் மறைவான ஓடையைத் தேடுவது அல்லது காப்பி குடிக்கப் போவது நல்லது. வானிலைச் செயலிகள் சராசரிக் காற்றையும் திடீர் வீச்சையும் தனித்தனியே காட்டும். இரண்டுக்கும் இடைவெளி அதிகமாக இருக்கும் நாளில் வீச்சின் எண்ணையே கணக்கில் கொள்ளுங்கள்.

வேகத்தைவிட முக்கியமானது திசை. கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்று நீரைக் கலக்கும், அலையை எழுப்பும், நிற்பதைக் கடினமாக்கும். ஆனால் அது உங்களைக் கரைக்குத்தான் தள்ளும். கரையிலிருந்து கடலுக்கு வீசும் கரைக்காற்று நேர்மாறானது. கரையோரத்து முதல் 50 மீட்டர் நீர் எண்ணெய் தடவியதுபோல வழவழவென்று இருக்கும். சிற்றலைகளின் உச்சியிலிருந்து நீர்த்துளிகள் கடல் நோக்கிப் பின்னே பறக்கும். சற்றுத் தொலைவில் நீரின் நிறம் திட்டுத்திட்டாகக் கறுத்து, அந்தத் திட்டுகள் கரையை விட்டு விலகி ஓடிக்கொண்டிருக்கும். அதற்கும் அப்பால் வெள்ளை நுரைப் புள்ளிகள் தெரியும். இறங்கத் தூண்டுவது முதல் 50 மீட்டர். ஆளைக் கொண்டுபோவது அதற்கு அப்பால் உள்ளது. உலகெங்கும் பேடில் போர்டுடன் கடலில் சிக்கிக்கொள்பவர்களின் கதை பெரும்பாலும் இந்த வழவழப்பில்தான் தொடங்குகிறது.

தமிழகத்தின் கிழக்குக் கரையில் இந்தத் திசை மாற்றத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. இரவிலும் விடியற்காலையிலும் நிலத்திலிருந்து கடலுக்குக் காற்று மெல்ல வீசும்; நிலம் சூடேறிய பிறகு, முற்பகலிலோ நண்பகலை ஒட்டியோ, கடல்காற்று உள்ளே வரும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காலைக் காற்று மிக மெலிந்திருப்பதால், சூரிய உதயத்திலிருந்து 9 மணி வரையிலான நேரம் சென்னைக் கரையில் மிக நல்ல நேரம். ஜூன், ஜூலையில் கதை மாறுகிறது. தென்மேற்குப் பருவத்தின் மேலைக்காற்று வலுத்திருப்பதால் காலைக் கரைக்காற்று மெல்லியதாக இராது. கடல்காற்றும் பிற்பகல் வரை தாமதிக்கும். ஆனி, ஆடியில் காலைக் கடல் குளம்போலத் தெரிந்தால் அது அழைப்பு அல்ல, எச்சரிக்கை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் வாடைக்காற்றும் சேர்ந்து இந்தக் கரையின் திறந்த கடலைப் புதியவர்களுக்கு முற்றிலும் மூடிவிடுகின்றன.

காற்றுத் திசையை வைத்து இடம் தேர்வது எப்படி என்பதற்கு இராமேசுவரத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. தீவின் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. கச்சானும் சோழகமும் வீசும் தென்மேற்குப் பருவத்தில் தெற்குக் கடல் கொந்தளிக்க, நிலத்தின் மறைவில் உள்ள வடக்குக் கடல் கரையோரத்தில் அடங்கிக் கிடக்கும். வாடை வீசும் மாதங்களில் வடக்கு கலங்கித் தெற்கு அமைதியாகும். ஒரே ஊரில், சில கிலோமீட்டர் இடைவெளியில், ஆண்டின் இரு பாதிகளுக்கும் இரு கடல்கள். இதிலும் ஒரு நுட்பம் உண்டு: தென்மேற்குப் பருவத்தில் வடக்குக் கரையில் நிற்பவருக்கு அந்தக் காற்று கரைக்காற்று. அமைதியான பக்கம் என்பதால் அது பாதுகாப்பான பக்கம் ஆகிவிடாது. கரையை ஒட்டி, இடுப்பளவு நீரிலேயே சுற்றிவரும் ஒழுக்கம் உள்ளவர்களுக்குத்தான் அது பாதுகாப்பு.

உள்நாட்டு ஏரிகளுக்கும் இதே கணக்குத்தான். ‘ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்’ என்பது பேச்சுக்குச் சொன்னதல்ல. ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தலிலும், கயத்தாற்றிலும், உடுமலையிலும் காற்றாலைகளை வரிசையாக நட்டிருப்பதற்குக் காரணமே அந்தக் காற்றுதான். காற்றாலை தெரியும் தொலைவில் உள்ள எந்த ஏரியையும் ஜூன் முதல் செப்டம்பர் வரை பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். கேரளத்தில் டிசம்பர், ஜனவரியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் கிழக்குக் காற்று திருச்சூர், பொன்னானிப் பக்கத்துக் காயல்களைக் கலக்கும். தெற்கே கொல்லம் பக்கம் அந்தத் தொல்லை இல்லை.

ஏரியின் அகலமும் முக்கியம். காற்று தடையின்றி ஓடும் நீர்ப்பரப்பு நீள நீள, அலையும் உயரும். 300 மீட்டர் அகலக் கால்வாயில் தெரியாத காற்று, 5 கிலோமீட்டர் அகலக் காயலின் மறுகரையில் முழங்கால் உயர அலையாகிவிடும். எப்போதும் காற்றை எதிர்த்துப் புறப்பட்டு, காற்றோடு திரும்பும்படியான கரையைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்றாம் படி: நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது?

தென்னிந்தியக் கிழக்குக் கரையில் ஓதத்தின், அதாவது கடல்மட்டம் நாள்தோறும் உயர்ந்து தாழ்வதன், ஏற்ற இறக்கம் குறைவு. சென்னையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில்கூட அது ஏறத்தாழ 1 மீட்டர்தான்; பாம்பன் பக்கம் அதைவிடக் குறைவு. ஆகவே திறந்த கடற்கரையில் ஓதத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் ஒரு பெரிய உப்பங்கழி முழுவதும் ஏறி இறங்கும் நீர், ஒரு குறுகிய முகத்துவாரம் வழியாகப் போய்வர வேண்டியிருக்கும்போது, அந்த 1 மீட்டர் போதும். வற்றும் நேரத்தில் முகத்துவாரத்தை நெருங்க நெருங்க நீரின் வேகம் கூடிக்கொண்டே போய், கடைசியில் உடையும் அலைகளுக்குள் கொண்டுபோய்த் தள்ளும். முகத்துவாரத்துக்கு அருகே பலகை விட வேண்டியிருந்தால், ஓதம் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தையும், முடிந்தால் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இடைப்பட்ட அஷ்டமியை ஒட்டிய நாள்களையும் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் ஏற்ற இறக்கம் மிகக் குறைவாக இருக்கும். மழைக்குப் பின் இந்தக் கணக்கு செல்லாது, ஏனென்றால் ஆற்று வெள்ளம் ஓதம் ஏறும்போதும் கடலை நோக்கியே ஓடும்.

பாம்பன் கால்வாயில் பாலத்துக்கு அடியில் ஓடும் நீரும், தனுஷ்கோடிக்கு அப்பால் அரிச்சல்முனையில் இரு கடல்களும் மோதும் இடமும் எந்த மாதத்திலும் எந்த நேரத்திலும் பலகைக்கு உரியவை அல்ல. கடலுக்குள் நீளும் கற்சுவர்களான தூண்டில் வளைவுகள் கட்டப்பட்ட கரைகளிலும் எச்சரிக்கை தேவை. இரண்டு கற்சுவர்களுக்கு நடுவே நீர் அமைதியாகத் தெரிந்தாலும், சுவரை ஒட்டியே கடல் நோக்கி இழுப்பு இருக்கும்.

ஆறுகளைப் பொறுத்தவரை எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: தடுப்பணை, கதவணை, கலிங்கு எதுவும் கீழே இல்லை என்று வரைபடத்தில் உறுதி செய்யாமல் எந்த ஆற்றையும் பட்டியலில் சேர்ப்பதில்லை. 2021 அக்டோபர் 30 அன்று வேல்ஸ் நாட்டின் ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் நகரில், மழைவெள்ளம் ஓடிய கிளெட்டாவ் ஆற்றில், பேடில் போர்டில் சென்ற குழுவினர் ஒரு சிறு தடுப்பணையைத் தாண்டி இழுத்துச் செல்லப்பட்டு நான்கு பேர் இறந்தனர். உயரம் குறைந்த தடுப்பணை மேலிருந்து பார்ப்பவருக்கு ஒரு நேர்கோடாகத்தான் தெரியும். கீழே விழும் நீர் அடியில் சுருண்டு, மீண்டும் அணைச்சுவர் பக்கமே திரும்பி வருவதால், அதில் அகப்பட்டவர் உயிர்காப்புச் சட்டை அணிந்திருந்தாலும் வெளியே வருவது அரிது. காவிரியிலும் தாமிரபரணியிலும் இப்படிப்பட்ட அணைகள் நிறைய. ஓடும் நீரில் பலகையையும் உங்களையும் இணைக்கும் லீஷைக் கணுக்காலில் கட்டுவதும் தவறு. மரக்கிளையிலோ தூணிலோ அது சிக்கினால் ஓட்டத்துக்கு எதிராகக் குனிந்து காலைத் தொட முடியாது. இடுப்பில் கட்டி ஓர் இழுப்பில் விடுபடும் லீஷ் உங்களிடம் இல்லையென்றால், நிற்கும் நீரை மட்டுமே தேர்ந்தெடுங்கள்.

நான்காம் படி: இறங்குமிடத்தையும் ஏறுமிடத்தையும் பாருங்கள்

கடற்கரை அகலமாக இருப்பது பலகை இறக்க வசதி என்று நினைப்பது இயல்பு. மெரினா அகலமான கரைதான். ஆனால் நீர்விளிம்பில் மணல் சரிவாக இறங்குவதால் அலை கரையின் மேலேயே வந்து உடைகிறது, திரும்பும் நீர் காலை வாருகிறது. அத்தகைய கரையில் 3 மீட்டர் பலகை பக்கவாட்டில் திரும்பினால் அது உங்கள்மீதே மோதும். சரிவு குறைந்த, அலை தொலைவில் உடைந்து தணிந்து வரும் கரை வேண்டும்; அதைவிட, வளைவின் மறைவிலோ உப்பங்கழியின் உள்ளேயோ இறங்குமிடம் இருப்பது மேல்.

காற்றே இல்லாத நாளிலும் அலை வரும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ எழுந்த புயலின் அலைகள் பல நாள் பயணம் செய்து, தெளிந்த வானத்தின் கீழ், குமரிக் கரையிலும் கேரளக் கரையிலும் திடீரென்று பொங்குவதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே மாதம் குமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துச்சென்றது கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்த நேரத்தில்தான். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் கடல்நிலை முன்னறிவிப்பையும் இந்த எச்சரிக்கையையும் மாவட்டவாரியாக வெளியிடுகிறது. வானிலைச் செயலியைப் பார்த்துவிட்டு இதைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. அதில் அலை உயரத்தோடு அலைகளுக்கு இடையிலான நேரத்தையும் பாருங்கள். அரை மீட்டர் உயர அலை 6 விநாடிக்கு ஒருமுறை வருவது வேறு, அதே உயரத்தில் 15 விநாடிக்கு ஒருமுறை வருவது வேறு. இரண்டாவது, கரையருகே வந்ததும் நிமிர்ந்து வளரும்.

ஏறுமிடம் ஒன்றுக்கு இரண்டாக இருக்க வேண்டும். சதுப்புநிலக் காடுகளிலும் காயல்களிலும் கரை முழுவதும் சேறாகவோ, வேராகவோ, ஆளிச் சிப்பி ஒட்டிய கல்லாகவோ இருக்கும். ஆளியின் விளிம்பு காலையும் கிழிக்கும், காற்றடைத்த பலகையையும் கிழிக்கும். ஒரே படித்துறையை நம்பி நீண்ட தூரம் போகும் திட்டத்தை நான் நல்ல திட்டமாகக் கருதுவதில்லை.

ஐந்தாம் படி: நீரின் தூய்மையும் அதில் வாழ்வனவும்

விழாமல் கற்க முடியாத விளையாட்டு இது. ஆகவே வாய்க்குள் போனால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க நீர் வேண்டும். அடையாறும் கூவமும் கடலில் கலக்கும் இடங்களை ஒதுக்குவதற்கு விளக்கம் தேவையில்லை. எண்ணூர்க் கழிமுகம் படத்தில் அழகானது. ஆனால் அனல்மின் நிலையச் சாம்பலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கலந்து பரவிய எண்ணெயும் கண்ட நீர் அது. மற்ற இடங்களிலும் பெருமழைக்குப் பின் இரண்டு மூன்று நாள்கள் காத்திருங்கள். ஊர்ச் சாக்கடை முழுவதும் அந்நேரம் நீரில்தான் இருக்கும். காலில் கீறல் இருந்தால் எலிக்காய்ச்சல் அபாயமும் உண்டு.

முதலைகளைப் பற்றி உள்ளூர்க்காரர்களிடம் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். சிதம்பரத்தைச் சுற்றிய பழைய கொள்ளிடக் கிளைகளிலும், அமராவதி அணையிலும், பவானிசாகர் நீர்த்தேக்கப் பகுதியிலும் சதுப்புநில முதலைகள் இருக்கின்றன. இலங்கையில் உவர்நீர் முதலைகளும் உண்டு. 2017 செப்டம்பரில் அறுகம்பே அருகே ஒரு களப்பின் (உப்பங்கழியின்) ஓரத்தில் பிரித்தானிய இளைஞர் ஒருவரை முதலை கொன்றது. பொத்துவில் களப்பில் பலகை விடுவதென்றால் உள்ளூர் வழிகாட்டியுடன்தான் விட வேண்டும். திருக்கை பெரிய கவலை இல்லை; சேற்று நீரில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் அது விலகிப் போய்விடும்.

ஆகாயத்தாமரை மூடிய நீரை விலக்குங்கள். ஃபின்னில் அது சுற்றிக்கொண்டால் பலகை நகராது. வேம்பநாட்டுக் காயலில் தண்ணீர்முக்கம் தடுப்பணைக்குத் தெற்கே, உப்புநீர் நுழையாத மாதங்களில் இது பெருந்தொல்லை.

ஆறாம் படி: அனுமதி

இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, பலகையைச் சுமந்துபோய்த் திரும்பியவர்கள் நிறைய. மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் வனத்துறை அனுமதியின்றி இறங்க முடியாது. பிச்சாவரம், முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளில் உரிய துறையின் படகில் செல்லலாம். சொந்தப் பலகைக்கு முன்கூட்டியே கேட்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு ஏரிகளில் படகுக் குழாமின் படகுகள்தாம். அணை நீர்த்தேக்கங்கள் நீர்வளத்துறையின் பொறுப்பில் உள்ளவை. மதகுக்கு அருகே செல்வது உயிருக்கு ஆபத்து என்பதால் அங்கே தடை நியாயமானது. கல்பாக்கம், கூடங்குளம் அணுமின் நிலையங்களை ஒட்டிய கடலும் துறைமுகங்களும் வேண்டவே வேண்டாம். பழவேற்காட்டில் 2011 டிசம்பர் 25 அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தபின் சுற்றுலாப் படகுகளுக்குத் தடை வந்தது. அதற்கு மேல் அது பறவைகள் சரணாலயம். பாக் விரிகுடாவில் எங்கே இறங்கினாலும் அடையாள அட்டையை நீர்புகா உறையில் வைத்திருங்கள்.

ஏழாம் படி: சில இடங்களை இந்த அளவுகோலில் வைத்துப் பார்ப்போம்

சென்னையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தெற்கே உள்ள கோவளம், இந்தப் பக்கத்தில் கற்றுக்கொள்ளத் தகுந்த ஊர். 2021ல் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை, அலைச்சறுக்குப் பயிற்சி தரும் மீனவ இளைஞர்கள், பக்கத்திலேயே முட்டுக்காட்டு உப்பங்கழி என எல்லாம் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. இந்த ஊரின் உண்மையான வசதி, கடல் சரியில்லாத நாளில் கழிக்குள் போய்விடலாம் என்பது. கழிமுகத்தில் மணல் அடைத்திருக்கும் கோடை மாதங்களில் உள்ளே நீர் ஓடாது, புதியவருக்கு நல்லது; ஆனால் தேங்கிய நீரின் தூய்மை குறையும். மழைக்காலத்தில் முகத்துவாரம் திறந்துகொண்டால் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலத்துக்குக் கீழே நீர் விரைந்து ஓடும். அப்போது பாலத்தைத் தாண்டிக் கடல்பக்கம் போகக் கூடாது. துடுப்பு கைநழுவினால் எங்கே போவேன் என்ற கேள்விக்கு, கழியின் உள்பகுதியில் விடை சேற்றுக்கரை. பாலத்துக்குக் கீழே விடை வங்காள விரிகுடா.

இராமநாதபுரம் மாவட்டத்தின் பாக் விரிகுடாக் கரை நான் மிக விரும்பிப் பரிந்துரைப்பது. உச்சிப்புளி அருகே பிரப்பன்வலசையில் கடல் நெடுந்தொலைவு ஆழமின்றிக் கிடக்கிறது. பிப்ரவரி, மார்ச் காலை வேளைகளில் பலகைக்கு அடியில் கடற்புல் அசைவதும், மஞ்சள் நிறச் சிறுமீன்கள் ஃபின்னைச் சுற்றிக் கலைவதும் தெளிவாகத் தெரியும். கடற்புல் மேட்டில் இறங்கி நடக்காதீர்கள். கடற்பசு மேயும் புல் அது. கரையருகே மீனவர்கள் கம்பு நட்டுக் கட்டிய வலைகள் இருக்கும், அவற்றைச் சுற்றித்தான் போக வேண்டும். தொண்டிப் பக்கம் உள்ள காரங்காட்டில் வனத்துறையும் ஊராரும் சேர்ந்து நடத்தும் சூழல் சுற்றுலாவில் அலையாத்திக் காட்டுக்குள் கயாக் விடுகிறார்கள். காற்றுப் படாத ஓடைகள் என்பதால் பலகையாளர்களும் கேட்டுப் பார்க்க வேண்டிய இடம்.

கேரளத்தில் ஆலப்புழையைப் பலரும் முதலில் நினைப்பார்கள். படகுவீடுகளின் அலையும் டீசல் நெடியும் அங்கே மிகுதி என்பதால் நான் கொல்லத்தை அஷ்டமுடிக் காயலுக்காகத் தேர்ந்தெடுப்பேன். மன்றோத்துருத்தில் வீடுகளுக்கு நடுவே ஓடும் கால்வாய்கள் இரண்டு பலகைகள் ஒதுங்கும் அளவுக்கே அகலம். சில பாலங்களுக்கு அடியில் மண்டியிட்டுத்தான் போக வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். வர்க்கலைக்கு அருகே கப்பிலில் காயலும் கடலும் ஒரு மணல் வரப்பால் மட்டும் பிரிந்திருக்கின்றன. காயல் பக்கம் மட்டும் போதும். ஏப்ரல், மே பிற்பகல்களில் கேரளத்தில் இடிமின்னல் அடிக்கடி வரும். திறந்த நீரில் நிற்கும் ஒரே உயரமான பொருள் நீங்களாக இருப்பீர்கள்.

இலங்கையில் கரை மாறுவதற்கு ஏற்ப மாதமும் மாறும். பெந்தோட்டை ஆறு, மாது கங்கை, வெலிகம போன்ற தென்மேற்குக் கரையின் இடங்களுக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை. பாசிக்குடா, நிலாவெளி போன்ற கிழக்குக் கரைக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. பாசிக்குடாவில் வளைந்த குடாவுக்குள் வெகுதூரம் இடுப்பளவு நீரே இருப்பதால், குடும்பத்தோடு போய்க் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல கடல் அந்தத் தீவில் குறைவு. 50 கிலோமீட்டருக்கு மேல் நீளும் மட்டக்களப்பு வாவியில் கல்லடிப் பாலத்தை ஒட்டிய பகுதியில் விடியற்காலை நல்ல நேரம். முகத்துவாரப் பக்கம் மட்டும் தவிர்க்க வேண்டும். கற்பிட்டி காற்றாடிச் சறுக்கலுக்கு (கைட்சர்ஃபிங்) பெயர்பெற்றது, அந்தப் பெயரே நமக்கு எச்சரிக்கை: மே முதல் அக்டோபர் வரை அங்கே காற்று ஓயாது. காற்றாடிச் சறுக்குபவர்கள் புகழும் இடத்தையும் மாதத்தையும் தலைகீழாக்கிப் படித்தால் பேடில் போர்டுக்கான பட்டியல் பாதி தயாராகிவிடும்.

எட்டாம் படி: கரையில் கால்மணி நேரம்

வீட்டில் எவ்வளவு படித்துவிட்டுப் போனாலும், பலகைக்குக் காற்றடைப்பதற்கு முன் கால்மணி நேரம் நீரைப் பாருங்கள். முதலில் கொடிகளும் தென்னங்கீற்றுகளும் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பாருங்கள். பிறகு ஒரு தேங்காய் மட்டையை நீரில் எறிந்து, 2 நிமிடத்தில் அது எவ்வளவு தூரம் போகிறது என்று காலடி அளந்து கணக்கிடுங்கள். 60 மீட்டருக்கு மேல் போனால் ஓட்டம் ஏறத்தாழ 1 நாட், அங்கே புதியவர் இறங்க வேண்டாம். நங்கூரமிட்ட படகுகள் காற்றைப் பார்த்து நிற்கின்றனவா, நீரோட்டத்தைப் பார்த்து நிற்கின்றனவா என்பதும் ஒரு நல்ல அடையாளம்.

அடுத்து, வலை பிரித்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் பேசுங்கள். ‘அண்ணே, இங்க இறங்கலாமா?’ என்று கேட்டால் மரியாதைக்காக ‘தாராளமா’ என்பார். ‘காத்து எத்தனை மணிக்குத் திரும்பும், இழுப்பு எந்தப் பக்கம், உங்க பிள்ளைகளைக் குளிக்க எங்க விடுவீங்க?’ என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் கையை நீட்டி ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டுவதாக இருக்கும், அங்கேயே இறங்குங்கள். ஃபைபர் படகுகள் எந்தத் தடத்தில் வந்து ஏறும் என்பதையும் அவரிடமே தெரிந்துகொண்டு, அந்தத் தடத்தை விட்டு விலகியிருங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் விசைப்படகுகள் இராவிட்டாலும் சிறுபடகுகள் வழக்கம்போல ஓடும்.

கடைசியாக, திரும்பும் நேரத்தைக் கரையில் உள்ள ஒருவரிடம் சொல்லிவிட்டு, கைப்பேசியை நீர்புகா உறையில் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். இந்தியக் கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554; தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. லைஃப் ஜாக்கெட்டையும் லீஷையும் கரையிலேயே அணிந்துகொண்டு, முதல் பத்து நிமிடம் இறங்குமிடத்தின் முன்னால் மட்டும் சுற்றுங்கள். மண்டியிட்டு, காற்றுக்கு எதிராக 50 மீட்டர் போய்ப் பார்த்து, அது மூச்சு வாங்காமல் முடிந்தால் மட்டும் எழுந்து நின்று மேலே செல்லுங்கள். முடியவில்லையென்றால் பலகையை மடித்து வைத்துவிட்டு, பட்டியலில் உள்ள அடுத்த இடத்துக்கு வண்டியைத் திருப்புங்கள். அதற்காகவே ஒரு பயணத்துக்கு இரண்டு இடங்களையாவது, ஒன்று கடலிலும் ஒன்று கழியிலுமாக, முன்கூட்டியே தேர்ந்து வைத்திருக்க வேண்டும்.